கேஷ் கிளீன் பேட்ச் ஒன்று ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது, எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை

#1 அரைத்தூக்கம்

ஆறு வருடம் டிவைஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தவன், போன மாதம் ஹைப்பர்வைசர் (ஒரே மெஷினில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் நிரல்) குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். முதல் வேலையே ஒரு பேட்ச் ரிவ்யூ. மொத்தம் முப்பது வரிகூட இருக்காது. மூன்று நாளாகத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு கமென்ட்கூட எழுத வரவில்லை.

விஷயம் இதுதான். ஆர்ம் 64-பிட். எங்கள் ஹைப்பர்வைசர், லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் ஹைப்பர்வைசரான கேவிஎம்-இன் பழைய பிரதியிலிருந்து பல துண்டுகளை எடுத்துக் கட்டியது. ஆர்மில் ஹைப்பர்வைசருக்கென்று உள்ள இஎல்2 என்ற அதிகார நிலையில் ஓடுகிறது, அங்கே மெய்நிகர் முகவரியும் பௌதிக முகவரியும் ஒன்றே. கெஸ்ட், அதாவது அதன்மேல் ஓடும் மெய்நிகர் மெஷின், சில நேரம் பூட் ஆகும்போதே செத்துப்போகிறது, கன்சோலில் ஒரு எழுத்துகூட வராது. மறுபடி போட்டால் ஒழுங்காக ஓடும். பேட்ச் எழுதியவர் இது கேஷ் பிரச்சினை என்கிறார்.

பேட்ச்சில் இரண்டு பகுதி. ஒன்று, கெஸ்ட் இமேஜை நினைவகத்தில் ஏற்றியதும் அந்தப் பகுதியைக் கேஷ் லைன் லைனாகக் கிளீன் செய்யும் (கேஷில் உள்ளதை டிராமுக்கு, அதாவது முதன்மை நினைவகத்துக்கு, எழுதிவிடும்) சின்ன ஹெல்ப்பர். இன்னொன்று, கெஸ்ட் ஒரு பக்கத்தை முதல்முறை தொட்டு ஸ்டேஜ்-2 (கெஸ்ட் முகவரியை நிஜ பௌதிக முகவரியாக மாற்றும், ஹைப்பர்வைசர் கையில் உள்ள அட்டவணை) ஃபால்ட் வரும்போது, மேப் செய்வதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைக் கிளீன் செய்யும் அழைப்பு. இதற்கான ஃபங்ஷனைப் புதிய லினக்ஸிலிருந்து பேக்போர்ட் செய்திருக்கிறார். எமுலேட்டரில் 200 முறை பூட் செய்து பார்த்தாராம், ஒன்றுகூட விழவில்லை.

அலுவலகக் கோடு, இங்கே ஒட்ட முடியாது. கேட்டால் வார்த்தையில் சொல்கிறேன். இந்த மாதிரி கோடை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பீர்கள்? அப்புறம் ஒரு முட்டாள் கேள்வி: கேஷ் கோஹெரன்சியை (எல்லா நகலும் ஒன்றாக இருப்பதை) ஹார்டுவேரே பார்த்துக்கொள்ளாதா?

#2 வெற்றுச்சுட்டி

கம்பைல் ஆகிறது, பூட் ஆகிறது, பேரைப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

விளையாட்டுக்குச் சொன்னேன். ஆனால் அந்த 'முட்டாள் கேள்வி' எனக்கும் உண்டு. எக்ஸ்86 கேவிஎம் பக்கம்தான் என் பிழைப்பு. இபிடி-யில் (உங்கள் ஸ்டேஜ்-2 போன்றது) ஒரு பக்கத்தை மேப் செய்யும் முன்னால் கேஷைக் கிளீன் செய்யும் வழக்கமே எங்களிடம் இல்லை. ஆர்ம்காரர்கள் ஏன் எதற்கெடுத்தாலும் கேஷைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள்?

#3 பக்கப்பிழை

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இந்தப் பேட்ச்சை ரிவ்யூ செய்ய முடியாது, அதனால் அதிலிருந்தே வருகிறேன்.

ஹார்டுவேர் பார்த்துக்கொள்ளும், ஆனால் எல்லோரும் கேஷ் வழியாகவே போகிறார்கள் என்றால் மட்டும். கெஸ்ட் எழுந்திருக்கும்போது அதன் எம்எம்யு (முகவரியை மாற்றும் ஹார்டுவேர்) அணைந்திருக்கும். ஆர்ம் விதிப்படி அந்த நிலையில் அதன் தரவு அணுகல்கள் டிவைஸ் வகை, கேஷைத் தொடாமல் நேராக டிராமுக்குப் போகும். ஸ்டேஜ்-1 (கெஸ்ட்டின் சொந்த அட்டவணை) என்ன சொல்கிறது, ஸ்டேஜ்-2 என்ன சொல்கிறது என்று இரண்டையும் சேர்த்து எது கடுமையோ அதுதான் செல்லுபடியாகும். நீங்கள் ஸ்டேஜ்-2வில் நார்மல், ரைட்-பேக் (கேஷ் செய்யலாம்) என்று எவ்வளவு அழகாக எழுதி வைத்தாலும் கெஸ்ட் டிவைஸ் என்றால் டிவைஸ்தான்.

இப்போது ஹோஸ்ட் பக்கம் பாருங்கள். அது அந்தப் பக்கத்தைச் சுழியால் நிரப்பியது, இமேஜை எழுதியது, எல்லாம் கேஷ் வழியாக. எழுதியது கேஷில் டர்ட்டியாக உட்கார்ந்திருக்கிறது, டிராமில் இருப்பது பழைய சங்கதி. கெஸ்ட் டிராமைப் படிக்கிறது. பழைய சங்கதி என்றால் அந்தப் பக்கத்தை முன்பு வைத்திருந்தவருடையது, வேறொரு கெஸ்ட்டுடையதாகவும் இருக்கலாம். அதனால் இது பூட் ஆகவில்லை என்பதோடு முடிகிற விவகாரம் இல்லை. ஒருவர் ரகசியம் இன்னொருவர் கைக்குப் போகிறது.

நான் இந்த மாதிரி பேட்ச் வந்தால் வரிகளைப் படிப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கத்தின் பழைய நகல் யார் யார் கையில் இருக்கலாம் என்று எழுதுவேன். டேட்டா கேஷ், இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷ், டிஎல்பி (முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் கேஷ்), பேஜ் டேபிளை நடந்து பார்க்கும் ஹார்டுவேர் தனியாக வைத்திருக்கும் கேஷ், இன்னொரு சிபியு, டிஎம்ஏ செய்யும் (சிபியு இல்லாமல் நேராக நினைவகத்தைத் தொடும்) டிவைஸ். பிறகுதான் பேட்ச். ஒவ்வொருவர் கையிலிருந்தும் எந்த வரி அதைப் பிடுங்குகிறது என்று தேடுவேன். வரியே இல்லாத ஆள் ஒருவர் மிஞ்சினால் அவர்தான் கமென்ட்.

இன்னொன்று, உங்கள் சிப்பில் ஆர்ம் 8.4-இல் வந்த ஸ்டேஜ்-2 ஃபோர்ஸ் ரைட்-பேக் வசதி இருக்கிறதா? இருந்தால் கெஸ்ட் என்ன சொன்னாலும் ஹைப்பர்வைசர் சொல்வதே செல்லும், இந்த டேட்டா கேஷ் கிளீனே வேண்டாம். லினக்ஸ் அதைச் சோதித்துவிட்டுத் தாண்டிவிடும். பேட்ச்சில் அந்தச் சோதனை இருக்கிறதா பாருங்கள்.

#4 அரைத்தூக்கம்

சோதனை இல்லை, ஆனால் எங்கள் சிப்கள் எல்லாம் பழையவை, 8.4-க்கு முந்தியவை. சரி, தாளில் எழுதிப் பார்க்கிறேன்.

ஹெல்ப்பரைச் சொல்கிறேன். தொடக்க முகவரியும் முடிவு முகவரியும் வாங்குகிறது. கேஷ் டைப் ரெஜிஸ்டரைப் படித்து மிகச் சிறிய டேட்டா லைன் அளவைக் கணக்கிடுகிறது. அதிலிருந்து ஒன்றைக் கழித்து, பிட்டுகளைத் தலைகீழாக்கி, தொடக்க முகவரியோடு ஆண்ட் போட்டுக் கீழே இறக்குகிறது. அங்கிருந்து முடிவு வரை லைன் லைனாக கிளீன் அண்ட் இன்வாலிடேட் (எழுதிவிட்டுக் கேஷிலிருந்து நீக்குவது). கடைசியில் ஒரு டிஎஸ்பி, அதெல்லாம் முடியும்வரை காத்திருக்கும் கட்டளை. எனக்குப் பாடப்புத்தகம் மாதிரிதான் தெரிகிறது.

#5 லாக்பிடித்தவன்

லைன் அளவை எந்த டைப்பில் வைத்திருக்கிறார்?

#6 அரைத்தூக்கம்

அன்சைன்டு இன்ட். ஏன்?

#7 லாக்பிடித்தவன்

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

லைன் 64 பைட். ஒன்று கழித்தால் 63. அதைத் தலைகீழாக்கினால் 32 பிட்டுக்குள்தான் தலைகீழாகும், ஏனென்றால் டைப்பே 32 பிட். பிறகு 64-பிட் முகவரியோடு ஆண்ட் போடும்போது சி மொழி அதை 64-க்கு நீட்டும், அன்சைன்டு என்பதால் மேலே சுழியை நிரப்பி நீட்டும். முடிந்தது, முகவரியின் மேல் 32 பிட்டும் காலி. வேடிக்கை என்னவென்றால் வெறும் இன்ட் என்று எழுதியிருந்தால் குறி பிட் நீண்டு தற்செயலாகச் சரியாக வந்திருக்கும். அன்சைன்டுதான் சுத்தமான பழக்கம் என்று சொல்லிக்கொடுத்தவர்களை இங்கே வம்புக்கு இழுக்கலாம். லினக்ஸின் அலைன் மேக்ரோ மாஸ்க்கை முகவரியின் டைப்புக்கு மாற்றிவிட்டுத்தான் கணக்குப் போடும், காரணமே இதுதான். கையால் எழுதிய மாஸ்க்கைப் பார்த்தாலே நான் அங்கே நின்றுவிடுவேன்.

இதையே லினக்ஸ் கர்னலுக்குள் எழுதியிருந்தால் அங்கே முகவரிகளின் மேல் பிட்டுகள் எல்லாம் ஒன்று, வெட்டிய முகவரி எங்கோ மேப் ஆகாத இடத்தில் போய் விழுந்து உடனே ஃபால்ட் ஆகியிருக்கும், முதல் நாளே தெரிந்திருக்கும். உங்களுக்கு இரண்டு முகவரியும் ஒன்று. சோதனை போர்டில் ராம் எவ்வளவு, எந்த முகவரியில் இருக்கிறது?

#8 அரைத்தூக்கம்

2 ஜிபி. எல்லாமே 4 ஜிபி எல்லைக்குக் கீழே.

ஐயோ.

#9 லாக்பிடித்தவன்

அதனால்தான் போர்டில் ஓடுகிறது. மேல் பிட்டுகள் ஏற்கெனவே சுழி, வெட்டினாலும் ஒன்றும் குறையாது.

பெரிய மெஷினில் என்ன ஆகும் என்று பாருங்கள், இது சுவாரசியம். தொடக்கம் 34 ஜிபி-யில் இருக்கிறது என்று வையுங்கள். மேலே வெட்டினால் 2 ஜிபி ஆகிவிடும். ஆனால் முடிவு முகவரியை யாரும் வெட்டவில்லை, அது 34 ஜிபி-யைத் தாண்டிய இடத்திலேயே நிற்கிறது. லூப் 2-இல் கிளம்பி 34 வரை நடக்கும். 32 ஜிபி, 64 பைட் லைனாக, 53 கோடி லைனுக்கு மேல். நடுவில் மேப் ஆகாத ஓட்டை இருந்தால் இஎல்2-இலேயே ஃபால்ட். ஓட்டை இல்லாவிட்டால் இன்னும் மோசம், வேலையை ஒழுங்காக முடித்துவிடும், ஏனென்றால் போகிற வழியில் சரியான இடத்தையும் கிளீன் செய்துவிடுகிறதே. பிழை என்று யாருக்கும் தெரியாது, 'இந்த மெஷினில் ஏனோ பூட் இழுக்கிறது' என்று மட்டும் ஒரு டிக்கெட் வரும், அதை யாராவது ஃபர்ம்வேர் குழுவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

#10 ஓரெழுத்து

அந்த லைன் அளவுக் கணக்கிலேயே இன்னொரு இடம் உண்டு. அந்த ரெஜிஸ்டரில் இருப்பது பைட் கணக்கு இல்லை, நான்கு பைட் வேர்டு கணக்கு, அதுவும் லாகரிதமாக. 4 என்று வந்தால் 16 வேர்டு, அதாவது 64 பைட். பைட் என்று நினைத்து 16 என்று வைத்துவிட்டால் எல்லாம் ஓடும், நாலு மடங்கு மெதுவாக. யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பெரிய கோர், சின்ன கோர் கலந்த சிப்பாக இருந்தால் ஒரு கோரில் படித்த லைன் அளவைக் குளோபல் மாறியில் போட்டு வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். 2016-இல் டாட்நெட் நிரல்களை ஓட்டும் மோனோ ரன்டைம் இதில்தான் மாட்டிக்கொண்டது. எக்ஸினோஸ் 8890-இல் பெரிய கோரின் லைன் 128 பைட், சின்ன கோரின் லைன் 64. பெரியதில் படித்து வைத்த 128-ஐ வைத்துக்கொண்டு சின்னதில் நடந்தால் ஒன்று விட்டு ஒரு லைன் தப்பிவிடும். ஜிட் (ஓடும்போதே கம்பைல் செய்வது) உருவாக்கிய கோடு பாதி புதுசு, பாதி பழசு. இப்படி வேறுபடும் சிப்களில் லினக்ஸ் இப்போது அந்த ரெஜிஸ்டரை யூசர்ஸ்பேஸ் படித்தால் டிரேப் செய்து (இடைமறித்து), எல்லாக் கோருக்கும் பொருந்தும் சின்ன அளவையே கொடுக்கிறது.

#11 அரைத்தூக்கம்

வேர்டு கணக்கு சரியாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கிறார், குளோபல் இல்லை. டைப் மட்டும்தான் கோளாறு. மூன்று நாள் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன், கண்ணில் படவே இல்லை, இத்தனைக்கும் டிரைவர் எழுதும்போது டிஎம்ஏ மாஸ்க்கில் இதே மாதிரி ஒருமுறை அடி வாங்கியவன்.

ஆனால் எங்கள் பிரச்சினை அந்தச் சின்ன போர்டில்தானே வருகிறது? பழைய கோடிலும் ஃபால்ட் பாதையில் ஒரு கிளீன் இருந்தது, அப்போதும் விழுந்தது. பேட்ச்சோடும் நேற்று போர்டில் ஒருமுறை விழுந்தது, எமுலேட்டரில் விழவே மாட்டேன் என்கிறது.

#12 பக்கப்பிழை

எமுலேட்டரை விடுங்கள். கியூஎமு எமுலேட்டரின் மென்பொருள் இயந்திரமான டிசிஜி டேட்டா கேஷையே மாடல் செய்வதில்லை. கிளீன் கட்டளைக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. நீங்கள் அந்தப் பேட்ச்சை முழுவதும் அழித்துவிட்டு 200 முறை ஓட்டினாலும் 200-உம் பாஸ் ஆகும். கமிட் மெசேஜிலிருந்து அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள், படிப்பவருக்கு இல்லாத தைரியத்தைக் கொடுக்கிறது.

இரண்டாவது பகுதிக்கு வருவோம். பேக்போர்ட் செய்த ஃபங்ஷன் எந்த லினக்ஸிலிருந்து, அதை அழைக்கும் வரி எந்த லினக்ஸிலிருந்து? இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறேன் என்றால், 2021-இல் வந்த 5.14-இல் ஆர்ம் 64 கேஷ் ஃபங்ஷன்களுக்கு எல்லாம் பெயர் மாறியது, பெயரோடு சேர்ந்து இன்னொன்றும் மாறியது. முன்பு முகவரியும் நீளமும் கொடுப்போம். புதியவை தொடக்கமும் முடிவும் கேட்கின்றன.

#13 அரைத்தூக்கம்

இருங்கள் பார்க்கிறேன்.

இரண்டாவது ஆர்கியூமென்ட்டாகப் பேஜ் சைஸ் போகிறது. முதல் ஆர்கியூமென்ட்டுக்கு முன்னால் அன்சைன்டு லாங் என்று ஒரு காஸ்ட் இருக்கிறது.

#14 பக்கப்பிழை

அதுதான். பழைய ஃபங்ஷன் பாயின்ட்டர் வாங்கியது, புதியது அன்சைன்டு லாங் வாங்குகிறது. கம்பைலர் அதற்கு மட்டும் முணுமுணுத்திருக்கும், அவர் காஸ்ட் போட்டு வாயை அடைத்துவிட்டார். நீளத்துக்கும் முடிவுக்கும் கம்பைலருக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டும் எண்தான்.

இப்போது முடிவு முகவரி 4096 என்று போகிறது. அந்த அசெம்பிளி லூப் முதலில் ஒரு லைனைக் கிளீன் செய்துவிட்டு, முகவரியைக் கூட்டி, அப்புறம்தான் முடிவோடு ஒப்பிடும். முகவரி ஏற்கெனவே முடிவைத் தாண்டியிருப்பதால் ஒரே சுற்றோடு வெளியே வந்துவிடும். ஆக ஒரு பக்கத்துக்கு 64 லைன் கிளீன் ஆக வேண்டிய இடத்தில் முதல் லைன் மட்டும் ஆகிறது. ஒன்றுமே ஆகாமல் இருந்தால்கூட ஒருவேளை சீக்கிரம் சந்தேகம் வந்திருக்கும்.

அப்படியும் ஏன் பெரும்பாலும் பூட் ஆகிறது? கேஷ் சின்னது, இமேஜ் பெரிசு, எழுதி முடிப்பதற்குள் பழைய லைன்கள் தானாக டிராமுக்குத் தள்ளப்பட்டுவிடும். கடைசியில் எழுதிய கொஞ்சம்தான் உள்ளே தங்கும். அது கெஸ்ட் முதலில் தொடும் இடமாக அமைந்தால் விழும். மெஷின் சும்மா இருக்கும்போது அதிகம் விழும், வேலை நிறைய ஓடினால் விழாது. உங்கள் போர்டில் அப்படித்தானே?

#15 அரைத்தூக்கம்

ராத்திரி ஆளில்லாத நேரத்தில்தான் விழுகிறது என்று எங்கள் டெஸ்டர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்கள் சிரித்தோம்.

#16 வெற்றுச்சுட்டி

ஒரு லைன், ரெண்டு லைன் என்று இவ்வளவு கணக்குப் போடுவதற்குப் பதில் செட்-வே (முகவரி இல்லாமல் கேஷின் இட எண்ணால் கழுவும்) கட்டளையால் கேஷ் முழுவதையும் கழுவிவிட்டால் என்ன? அதிகமாகக் கிளீன் செய்தால் மெதுவாகுமே தவிர தப்பாகாதே. பூட்டின்போது ஒருமுறைதானே.

#17 ஓரெழுத்து

தப்பாகும். செட்-வே கட்டளை அதை ஓட்டும் சிபியு-வின் கேஷுக்கு மட்டும்தான், மற்ற சிபியு-க்களுக்கு அறிவிப்பு போகாது. நீங்கள் கழுவிக்கொண்டிருக்கும்போதே டர்ட்டி லைன் பக்கத்துக் கோருக்குத் தாவலாம், நீங்கள் கழுவி முடித்த இடத்துக்கே திரும்பியும் வரலாம். வெளியே சிஸ்டம் கேஷ் ஒன்று இருந்தால் அதற்கு இது தெரியவே தெரியாது. கோரை அணைக்கும்போதும் எழுப்பும்போதும் பயன்படுத்துவதற்காக உள்ள கட்டளை அது.

கெஸ்ட்டுக்குள் இன்னும் மோசம். விசிபியு (கெஸ்ட்டின் மெய்நிகர் சிபியு) பாதி லூப்பில் இருக்கும்போது ஷெட்யூலர் அதை வேறு சிபியு-வுக்கு மாற்றிவிட்டால் பாதி இங்கே, பாதி அங்கே. அதனால் கேவிஎம் கெஸ்ட்டின் செட்-வே கட்டளையை டிரேப் செய்து, கெஸ்ட்டின் நினைவகம் முழுவதையும் முகவரி வழியாக நடந்து ஃப்ளஷ் செய்கிறது. கூடவே கெஸ்ட் கேஷை எப்போது ஆன், ஆஃப் செய்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த ரெஜிஸ்டர்களையும் கொஞ்ச நேரம் டிரேப்பில் வைக்கிறது.

'அதிகம் செய்தால் ஆபத்தில்லை' என்பதும் எனக்கு ஒப்பில்லை. 1 ஜிபி பிளாக் ஒன்றை 64 பைட்டாக நடந்தால் 1,67,77,216 லைன். அதை லாக் பிடித்துக்கொண்டு செய்தால் மற்ற விசிபியு எல்லாம் நின்றுபோகும், வாட்ச்டாக் குரைக்கும். அகலமாகக் கழுவியதால் உண்மையான பிழை மறைந்துபோய் இரண்டு ரிலீஸ் கழித்து வந்ததும் உண்டு. என் பேட்ச்தான் அது, பழங்கதை.

#18 வெற்றுச்சுட்டி

சரி, ஒத்துக்கொள்கிறேன். எக்ஸ்86-இல் எங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று சொன்னதையும் கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், இன்று காலையில் எங்கள் கோடிலேயே தேடிப் பார்த்தேன்.

கோஹெரன்ட் அல்லாத டிஎம்ஏ டிவைஸைக் கெஸ்ட்டுக்குக் கொடுத்திருந்தால் அதன் டபிள்யூபிஇன்விடி (கேஷ் முழுவதையும் எழுதிக் காலி செய்யும்) கட்டளையை உண்மையாகவே செய்ய வேண்டும், அந்த விசிபியு எந்தெந்த சிபியு-வில் ஓடியதோ அங்கெல்லாம். இதற்கென்றே ஒரு மாஸ்க் வைத்திருக்கிறது கேவிஎம். ஏஎம்டி எஸ்இவி-யில் (கெஸ்ட் நினைவகத்தை என்கிரிப்ட் செய்யும் வசதி) என்கிரிப்ட் ஆன பக்கத்தைத் திரும்ப வாங்கும்போது, பழைய சிப்களில் ஒரே பௌதிக முகவரிக்கு என்கிரிப்ட் ஆன லைன், ஆகாத லைன் என்று இரண்டு கேஷில் இருக்கலாம், ஃப்ளஷ் செய்யாமல் விட்டால் பழையது பின்னால் வந்து புதியதன் மேல் எழுதிவிடும். 2018-இல் எல்1டிஎஃப் என்ற இன்டெல் சிப் பாதுகாப்பு ஓட்டை வந்தபோது கெஸ்ட்டுக்குள் நுழையும் முன் எல்1 டேட்டா கேஷைக் காலி செய்ய வேண்டியிருந்தது, மைக்ரோகோடு இல்லாத சிப்பில் 64 கேபி பஃபர் ஒன்றைச் சும்மா படித்தே காலி செய்தார்கள். எல்லாமே பக்கப்பிழை சொன்ன அதே கேள்விதான், பழைய நகல் யாரிடம் என்று.

#19 லாக்பிடித்தவன்

தாளில் நகல் வைத்திருப்பவர்கள் பட்டியலில் ஒருவர் விட்டுப்போயிருக்கிறார்: சி மாறி.

ஃபால்ட் ஹேண்ட்லர் லாக் இல்லாமல் பக்க எண்ணைத் தேடி ஒரு லோக்கல் மாறியில் வைத்துக்கொள்ளும், பிறகு கேஷைக் கிளீன் செய்யும், பிறகு லாக் பிடித்து மேப் செய்யும். அந்த இடைவெளியில் ஹோஸ்ட் அந்தப் பக்கத்தைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால்? உங்கள் மாறியில் இருப்பதும் ஒரு பழைய நகல்தானே, எந்த ஃப்ளஷ் கட்டளையும் அதைத் தொடாது. கேவிஎம் இதற்காக ஒரு இன்வாலிடேட் சீக்வன்ஸ் எண் வைத்திருக்கிறது. பக்கத்தைத் தேடும் முன் எண்ணைப் படி, ரீட் பேரியர் போடு, பிறகு தேடு, லாக் பிடித்தபின் எண் மாறியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வா. இந்த வரிசையில் ஒன்று இடம் மாறினாலும் ஓட்டைதான், டெஸ்டில் வருடக்கணக்கில் சிக்காத ஓட்டை.

உங்களிடம் பக்கத்தைத் திரும்ப வாங்கும் வழி ஏதாவது உண்டா?

#20 அரைத்தூக்கம்

பலூன் உண்டு. அதே மாதிரி ஒரு எண்ணும் இருக்கிறது, கேவிஎம்-இலிருந்து வந்ததுதான். பேட்ச் கிளீனை லாக்குக்கு வெளியே வைத்திருக்கிறது, எண் சோதனை லாக்குக்கு உள்ளே, மேப் செய்வதற்கு முன். சரிதானே?

#21 லாக்பிடித்தவன்

சரி. கிளீன், டிஎஸ்பி, அதன்பிறகுதான் என்ட்ரி எழுத வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் மேப் செய்து பிறகு கிளீன் செய்தால் நடுவில் இன்னொரு விசிபியு அதே பக்கத்தில் நுழைந்துவிடும்.

#22 ஓரெழுத்து

பேட்ச் பெரிய மேப்பிங் பிளாக்கைச் சின்னப் பக்கங்களாகப் பிரிக்கிறதா? பிரித்தால் பழைய என்ட்ரியை முதலில் செல்லாததாக்கி, டிஎல்பி-யைக் காலி செய்து, அப்புறம்தான் புதியதை எழுத வேண்டும். ஸ்டேஜ்-2வை மட்டும் காலி செய்தால் போதாது, டிஎல்பி இரண்டு ஸ்டேஜையும் சேர்த்த ஒரே என்ட்ரியாக வைத்திருக்கலாம், அதில் இடைநிலை முகவரி (கெஸ்ட் தன் பௌதிக முகவரி என்று நினைப்பது) இருக்காது. அதனால் கேவிஎம் அந்த முகவரிக்கு ஸ்டேஜ்-2வைக் காலி செய்துவிட்டு, அந்தக் கெஸ்ட்டின் ஸ்டேஜ்-1 முழுவதையும் சேர்த்துக் காலி செய்கிறது. எழுதியவரே கமென்ட்டில் புலம்பியிருப்பார், தேடிப் படியுங்கள்.

#23 அரைத்தூக்கம்

பிரிக்கவில்லை. தப்பித்தேன்.

#24 ஐந்தாம்வளையம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் ரிஸ்க்-5 பக்கம். உங்கள் ஹெல்ப்பர் கிளீன் அண்ட் இன்வாலிடேட் செய்கிறது, நல்லது. யாராவது 'வேகமாக இருக்குமே' என்று வெறும் இன்வாலிடேட்டாக மாற்றவந்தால் விடாதீர்கள். ஓரத்து லைனில் பக்கத்துவீட்டுத் தரவும் இருக்கும், எழுதாமல் தூக்கிப் போட்டால் அது போச்சு.

கெஸ்ட் கையில் வெறும் இன்வாலிடேட் கிடைப்பது அதைவிட ஆபத்து. ஹைப்பர்வைசர் சுழியால் நிரப்பிக் கொடுத்த பக்கத்தைக் கெஸ்ட் இன்வாலிடேட் செய்தால் சுழிகள் போய் டிராமில் கிடக்கும் அடுத்தவர் தரவு தெரிய ஆரம்பிக்கும். ஆர்மில் ஸ்டேஜ்-2 ஓடும்போது கெஸ்ட்டின் இன்வாலிடேட்டை ஹார்டுவேரே கிளீன் அண்ட் இன்வாலிடேட்டாக ஆக்கிவிடும். எங்களுக்கு அது ஹைப்பர்வைசர் தேர்ந்தெடுக்க வேண்டிய இரண்டு பிட்: 01 என்றால் கெஸ்ட்டின் இன்வாலிடேட் ஃப்ளஷ் ஆகும், 11 என்றால் நிஜ இன்வாலிடேட். ஒரு இலக்கம் தப்பினால் போதும், எல்லா டெஸ்டும் பாஸ் ஆகும், கதவு திறந்திருக்கும்.

#25 பக்கப்பிழை

டெஸ்ட் பற்றி ஒன்று. பூட் ஆகிறதா என்று பார்ப்பது இதற்கு டெஸ்ட் இல்லை. காலிப் பக்கங்களில் ஒரு அடையாள எண்ணை எழுதி அதை டிராம் வரை கிளீன் செய்துவிடுங்கள். பிறகு வழக்கம்போலச் சுழி நிரப்பி கெஸ்ட்டுக்குக் கொடுங்கள். கெஸ்ட்டாக ஒரு சின்ன நிரல் போதும், எம்எம்யு-வை ஆன் செய்யாமலே பக்கம் பக்கமாகப் படித்து அடையாள எண் எங்காவது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். தெரிந்தால் கிளீன் ஆகவில்லை. கட்டாயம் போர்டில், அதுவும் மெஷின் சும்மா இருக்கும்போது. உங்கள் டெஸ்டர் சொன்ன அந்த ராத்திரி நேரத்தில்.

#26 அரைத்தூக்கம்

நான்கு நாள் கழித்து வருகிறேன். மூன்று கமென்ட் போட்டேன்: மாஸ்க் டைப், முடிவு முகவரி, எமுலேட்டர் வரி. எழுதியவர் முடிவு முகவரியைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் பதிலே போடவில்லை, அப்புறம் புதிய வெர்ஷன் வந்தது. டெஸ்டரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று.

அடையாள எண் டெஸ்ட் எழுதினேன். பழைய வெர்ஷனில் முதல் ஓட்டத்திலேயே கொத்துக்கொத்தாகத் தெரிந்தது, ஒவ்வொரு பக்கத்திலும் முதல் 64 பைட் மட்டும் சுத்தம், பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. புதிய வெர்ஷனில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் இன்னும் இடிக்கிறது. நிஜ கெஸ்ட்டை உள்ளேயிருந்து ரீபூட் செய்தால், எப்போதாவது, டிவைஸ் ட்ரீ (கெஸ்ட்டுக்கு அதன் ஹார்டுவேரை விவரிக்கும் தரவு) இருக்கும் பக்கத்தில் மட்டும் பழைய விஷயம் தெரிகிறது. முதல் பூட்டில் வருவதே இல்லை.

#27 பக்கப்பிழை

ரீபூட்டில் டிவைஸ் ட்ரீயை யார் மறுபடி எழுதுகிறார்கள்?

#28 அரைத்தூக்கம்

இமேஜ் ஏற்றும் நிரல். ஹோஸ்ட் பக்கம், சாதாரண கேஷ் வழியாக. கர்னல் இமேஜுக்கு மட்டும்தான் அது ஹெல்ப்பரை அழைக்கிறது, டிவைஸ் ட்ரீக்கு இல்லை.

ஓ. அந்தப் பக்கம் ஏற்கெனவே மேப் ஆகி இருக்கிறது. ஃபால்ட் வராது. ஃபால்ட் வராவிட்டால் கிளீனும் இல்லை.

#29 பக்கப்பிழை

ஆமாம். கேவிஎம்-இல் ஏற்கெனவே ஓடிய விசிபியு-வை மறுபடி இனிஷியலைஸ் செய்யும்போது கெஸ்ட்டின் ராம் முழுவதையும் ஸ்டேஜ்-2விலிருந்து எடுத்துவிடுவார்கள், எல்லாப் பக்கமும் மறுபடி ஃபால்ட் ஆகி இதே கிளீன் வழியாக வரட்டும் என்று. ஃபோர்ஸ் ரைட்-பேக் இருக்கும் சிப்பில் அதைச் செய்ய மாட்டார்கள், ஆனால் அங்கேயும் இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷை மட்டும் காலி செய்வார்கள். உங்கள் பழைய பிரதியில் அந்த அன்மேப் இருக்கிறதா, அல்லது யாராவது 'ரீபூட் வேகமாகட்டும்' என்று எடுத்துவிட்டார்களா?

#30 அரைத்தூக்கம்

கிட் லாகில் தேடினேன். எடுத்திருக்கிறார்கள், அதே வாசகத்தோடு. ரிவ்யூ செய்தவர் கீழே எழுதியிருப்பது ஒரே வார்த்தை, 'ஓகே'. அதைத் திரும்பக் கொண்டுவரும் பேட்ச்சை இப்போது நான் எழுத வேண்டும், உங்களில் யாராவது வார்த்தையில் ரிவ்யூ செய்கிறீர்களா?